எந்தத் தெரு முதலில்?

பனி என்றால் நமக்கு மார்கழி விடிகாலையில் வாசல் தெளிக்கும்போது காது மடலில் ஏறுமே, அதுதான். ஒரு மங்கி குல்லா, ஒரு கம்பளி, அவ்வளவோடு விஷயம் முடிந்தது. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று பாட்டி பயமுறுத்தினாலும், கோயமுத்தூரில் பனி எதையும் துளைத்து நான் பார்த்ததில்லை. மூக்கை மட்டும் அடைக்கும் :-)

தமிழில் பாருங்கள், புல் நுனியில் நிற்கிற துளியும் பனி, பல்லடம் ரோட்டில் காலை ஆறு மணிக்கு எதிர் வண்டியை மறைக்கிற மூட்டமும் பனி, இமயமலையில் கொட்டுகிறதும் பனி. ஒரே சொல்லை வைத்து எல்லாவற்றையும் சமாளித்துவிட்டோம். ஊட்டிக்காரர்கள் மட்டும் கொஞ்சம் கணக்காகப் பேசுவார்கள். அங்கே நீர்ப்பனி வேறு, உறைபனி வேறு. தலைகுந்தா பக்கம் ஜனவரி காலையில் புல்வெளி உப்புத் தூவின மாதிரி வெளுத்துக் கிடக்கும். சுற்றுலா வந்தவர்கள் அதைப் படம் பிடித்துக்கொண்டிருக்கும்போது, தேயிலை வைத்திருப்பவர்களுக்கு வயிற்றில் புளி கரையும். ஒரே ராத்திரியில் கொழுந்து கருகிவிடும். அதனால் தாகைச் செடியை வெட்டி வந்து தேயிலை மேல் மூடி வைக்கிறார்கள். ஊட்டி தாவரவியல் பூங்காவில் அலங்காரச் செடிகளுக்குக் கோத்தகிரி மிலார் என்ற செடியால் பந்தல் மாதிரி போர்த்துகிறார்கள். புல்தரைக்கு வெயில் ஏறும் முன் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைத்துவிடுகிறார்கள். நம் பக்கத்தில் பனியைச் சமாளிக்கிற தொழில்நுட்பம் என்று கேட்டால் இதுதான். செடிக்குப் போர்வை.

எதற்கு இவ்வளவு பீடிகை என்றால், கொஞ்ச நாளாக எனக்கு ஒரு கிறுக்கு பிடித்திருக்கிறது. பனி கொட்டுகிற ஊர்களில் அதை எப்படி அள்ளுகிறார்கள் என்று தேடித் தேடிப் படிக்கிறேன். செமஸ்டருக்குப் படிக்கிறதை விட ஜாஸ்தி. ஆரம்பித்தது ஒரு சின்னக் கணக்கில்.

புதிதாக விழுந்த பனி 10 செ.மீ. உயரத்துக்குக் கிடந்தால், அது உருகினால் சுமாராக 1 செ.மீ. தண்ணீர் கிடைக்கும். பனியின் ஈரத்தைப் பொறுத்து முன்னே பின்னே இருக்கும், ஆனால் மோட்டாக் கணக்கு இதுதான். இப்போது திருப்பிப் போடுங்கள். கோயமுத்தூரில் ஒரு வருஷத்துக்கு 60, 70 செ.மீ. மழை பெய்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை மறைப்பதால் நாம் மழை மறைவுப் பிரதேசம், ரொம்பக் கம்மி என்று அழுகிறோம். அந்த மழை பூராவும் பனியாக விழுந்தால்? ஆறு, ஏழு மீட்டர்! மாடி வீடு முழுகிவிடும். ஜப்பானில் சப்போரோ என்று சுமார் 20 லட்சம் பேர் வசிக்கிற நகரம், உலகத்திலேயே இவ்வளவு பெரிய ஊருக்கு இவ்வளவு பனியா என்று எல்லோரும் வாயைப் பிளக்கிற ஊர். அங்கே ஒரு குளிர்காலத்தில் விழுவது மொத்தம் ஐந்து மீட்டர் அளவுக்குத்தான். இன்னொன்று சொல்லவா? 2009 நவம்பரில் நீலகிரி கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. மண்சரிவில் 40 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அதைப் பனியாக மாற்றினால் ஒரே நாளில் எட்டு மீட்டர்.

ஆக வானத்திலிருந்து இறங்குகிற சரக்கின் அளவில் நாம் ஒன்றும் சளைத்தவர்கள் இல்லை. வித்தியாசம் எங்கே என்றால், மழை தானாகவே இறங்கி ஓடிவிடும். வழி விட்டால் போதும். பனி விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துகொள்ளும். ஒருவர் வந்து தள்ள வேண்டும், அல்லது உருக்க வேண்டும், அல்லது அள்ளிக்கொண்டு போய் வேறெங்காவது கொட்ட வேண்டும். மூன்றே வழிதான்.

தள்ளுவது எல்லாருக்கும் தெரியும். லாரிக்கு முன்னால் பெரிய தகடு மாட்டி ஓரமாக ஒதுக்கிக்கொண்டே போவார்கள். ஒதுக்கின பனி நடைபாதையில் மலையாகும், அது வேறு கதை, அதற்குப் பிறகு வருகிறேன். அள்ளிக்கொண்டு போவதில் மான்ட்ரியல்காரர்கள் கெட்டிக்காரர்கள். அங்கே குளிர்காலத்தில் சுமார் இரண்டு மீட்டர் பனி விழும். ராத்திரியில் தெருவில் சைரன் ஊதும். ஊதினால் காரை எடுத்துவிட வேண்டும், எடுக்காவிட்டால் கட்டி இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அப்புறம் ஒரு ஊர்வலமே வரும். சின்ன டிராக்டர்கள் நடைபாதைப் பனியை ரோட்டுக்குத் தள்ளும், பெரிய வண்டி அதை நடுவில் வரப்பு மாதிரி சேர்க்கும், பின்னால் வருகிற இயந்திரம் அதை வாரிப் பக்கத்தில் ஊர்ந்து வருகிற லாரிக்குள் துப்பும். நம் ஊர் அறுவடை மிஷின் நெல்லை டிராக்டரில் கொட்டுமே, அச்சு அசல் அதேதான். லாரி நேராகப் பழைய கல்குவாரிக்குப் போகும். அங்கே மலை மாதிரி குவிகிற பனி கோடை வந்தும் கரையாமல் அழுக்காக நிற்குமாம்.

உருக்குவதற்கு உப்பு. நம் சமையல் உப்பேதான். உப்பு கலந்தால் தண்ணீர் உறைகிற வெப்பநிலை இறங்கும், அதனால் பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் பனி உருகும். ஆனால் மைனஸ் பத்துக்குக் கீழே போனால் உப்பு ரொம்பச் சோம்பேறியாகிவிடும், மணலைத் தூவி வழுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். கனடாவில் ஹியூரான் ஏரிக்கு அடியில், காட்ரிச் என்ற ஊரில், உலகத்திலேயே பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் இருக்கிறது. நம் தூத்துக்குடியில் வெயில் உப்பை விளைவிக்கிறது, அங்கே ஏரிக்குக் கீழே போய் வெட்டி எடுத்து ரோட்டில் கொட்டுகிறார்கள். அந்த உப்பு சும்மா போகிறதா? காரின் அடித்தகடு துருப்பிடிக்கும், பாலத்துக் கம்பி துருப்பிடிக்கும், மிச்சம் ஏரிக்கும் கிணற்றுக்கும் போகும். இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. உப்பைக் கோடையிலேயே வாங்கிக் குவித்து வைத்துவிட வேண்டும். பனி விழுந்த பிறகு டெண்டர் விட்டால் கதை கந்தல்.

இதையெல்லாம் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு கணபதியில் லேத் பட்டறை. பம்பு கம்பெனிகளுக்கு இம்பெல்லர், ஷாஃப்ட் என்று ஜாப் ஒர்க். எதைச் சொன்னாலும் "ம்" போட்டுக்கொண்டு வெர்னியரைப் பார்த்துக்கொண்டிருந்தவர், நாகாவோகா கதையைச் சொன்னதும்தான் தலையைத் தூக்கினார்.

நாகாவோகா ஜப்பானில் நீகாட்டா மாகாணத்தில் இருக்கிறது. பனி ஈரமாகவும் கனமாகவும் விழுகிற ஊர். அங்கே 1961-ல் ரோட்டின் நடுவில் குழாய் புதைத்து, நிலத்தடி நீரைப் பீய்ச்சிப் பனியைக் கரைக்க ஆரம்பித்தார்கள். நிலத்தடி நீர் குளிர்காலத்திலும் 13, 14 டிகிரியில் இருக்கும். பனிக்கு அது வெந்நீர் மாதிரி. அரிசி நொறுக்குத்தீனி செய்கிற கம்பெனி நடத்திய யோசாபுரோ இமாய் என்பவர், நிலத்தடி நீர் கசிகிற இடத்தில் மட்டும் பனி நிற்காததைப் பார்த்துச் சொன்ன யோசனை இது என்று அந்த ஊரில் சொல்வார்கள். பார்க்கவே அழகாக இருக்கும். ராத்திரி ரோட்டின் நடுவே வரிசையாகச் சின்னச் சின்ன நீரூற்று, இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குப் பனி, நடுவில் கருப்பாகத் தார் ரோடு.

"போர் போட்டு ரோட்டுக்குத் தண்ணி உடறாங்களா? எத்தன எச்பி மோட்டாராம்?" என்றார் அப்பா. எச்.பி. எனக்குத் தெரியவில்லை. "அப்பறம் தண்ணி கீழ போயிருக்குமே" என்றார் அடுத்த வரியிலேயே. அதேதான் நடந்தது. எல்லாத் தெருவும் எங்களுக்கும் வேண்டும் என்று கேட்க, குழாய் மேல் குழாய் போட்டு உறிஞ்ச, நிலத்தடி நீர் இறங்கி, பூமியே தாழ்ந்துபோனது. அப்புறம்தான் பனி விழும்போது மட்டும் தானாக ஓடி, நின்றதும் அணைகிற சென்சார் எல்லாம் வந்தது. ஆயிரம் அடி போர் போட்டும் காற்று வருகிற ஊர்க்காரருக்கு இந்த முடிவைச் சொல்ல ஜப்பான் வரை போக வேண்டியதில்லை.

சரி, இதெல்லாம் இயந்திர விஷயம். படிக்கப் படிக்க என்னைப் பிடித்துக்கொண்டது வேறு. எவ்வளவு பணக்கார ஊரானாலும் எல்லாத் தெருவையும் ஒரே நேரத்தில் வழிக்க முடியாது. வண்டி கொஞ்சம், தெரு ஆயிரம். ஆகவே யாராவது ஒருவர் உட்கார்ந்து, இந்தத் தெரு முதலில், இது அப்புறம், இது நாளைக்கு என்று எழுத வேண்டும். அந்தப் பட்டியலில்தான் எல்லாம் இருக்கிறது.

1979 ஜனவரியில் சிகாகோவில், ஏற்கெனவே கிடந்த பனி மேல் இரண்டு நாளில் அரை மீட்டர் விழுந்தது. தெரு மாதக் கணக்கில் சீராகவில்லை. ரயில்களை வேகமாக ஓட்டுகிறோம் என்று, கறுப்பின மக்கள் வசிக்கிற பகுதிகளின் ஸ்டேஷன்களில் நிற்காமல் தாண்டிப் போகச் சொன்னார்கள். குளிரில் பிளாட்பாரத்தில் நிற்கிறவர் கண்ணெதிரே ரயில் போகிறது, நிற்காமல். அடுத்த மாதக் கடைசியில் கட்சிக்குள் நடந்த தேர்தலில் மேயர் மைக்கேல் பிலாண்டிக் தோற்றார். ஜேன் பைர்ன் என்ற பெண்மணி ஜெயித்து, சிகாகோவின் முதல் பெண் மேயர் ஆனார். அதற்குப் பத்து வருஷம் முந்தி நியூயார்க்கிலும் இதே கூத்து. 1969 பிப்ரவரிப் பனியில் 42 பேர் இறந்தார்கள், அதில் பாதிப் பேர் குவீன்ஸ் பகுதியில். மன்ஹாட்டனை வழித்துவிட்டு எங்களை மறந்துவிட்டாய் என்று, பார்க்கப் போன மேயர் ஜான் லிண்ட்சேயை மக்கள் கூச்சலிட்டுத் துரத்தினார்கள். அவர் கட்சி உள்தேர்தலில் தோற்று, வேறு கட்சியின் பெயரில் நின்று எப்படியோ மறுபடி ஜெயித்துவிட்டார், அது அவர் சாமர்த்தியம். 1999-ல் டொராண்டோ மேயர் மெல் லாஸ்ட்மன் சமாளிக்க முடியாமல் ராணுவத்தையே கூப்பிட்டார். பனி பெய்வதற்கு ராணுவமா என்று கனடாவின் மற்ற ஊர்க்காரர்கள் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஸ்கார்பரோவில் இருக்கிற ஈழத்தமிழர்கள் பலர் அந்த ஜனவரியை இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். யாழ்ப்பாணத்து வெயிலிலிருந்து போய் மண்வெட்டியால் பனி அள்ளுவது என்றால் சும்மாவா?

எல்லாவற்றையும் விட என்னை யோசிக்க வைத்தது ஸ்வீடனில் கார்ல்ஸ்கூகா என்ற சின்ன ஊர். 2011 வாக்கில் அங்கே நகராட்சி வேலைகளில் ஆண் பெண் பாகுபாடு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். பனி அள்ளுவதில் என்ன ஆண் பெண் என்று ஒருவர் கிண்டலாகச் சொன்னாராம். போய்ப் பார்த்தால், முதலில் பெரிய ரோடு, கடைசியில் நடைபாதை என்பதுதான் வழக்கம். கார் ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களில் ஆண்கள் அதிகம். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு, நடந்து, பஸ் பிடித்துப் போகிறவர்களில் பெண்கள் அதிகம். வழுக்கி விழுந்து கை கால் உடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் பெரும்பாலும் நடந்து போகிறவர்கள். மூணு அங்குலப் பனியில் காரை ஓட்டிவிடலாம், தள்ளுவண்டியைத் தள்ள முடியாது. சரி என்று வரிசையைத் திருப்பிப் போட்டார்கள். நடைபாதை, சைக்கிள் பாதை, குழந்தைகள் காப்பகத்துக்குப் போகிற வழி முதலில், பெரிய ரோடு அப்புறம். அதே வண்டிகள்தான், எழுதின வரிசை மட்டும் மாறியது. பிறகு ஸ்டாக்ஹோமும் இதைச் செய்யப் போய், 2016 நவம்பரில் கொட்டின பேய்ப் பனியில் ஊரே ஸ்தம்பித்து, எல்லாரும் இந்தத் திட்டத்தைக் கேலி செய்தார்கள். அவ்வளவு பனிக்கு எந்த வரிசையும் தாங்கியிருக்காது என்பது என் கட்சி.

வெளிநாட்டுக் கதை போதும் என்கிறீர்களா... இருங்கள், எங்கள் வீட்டிலேயே பனியில் மாட்டினவர் ஒருவர் இருக்கிறார்.

அம்மாவின் தம்பி, நாமக்கல் மாமா. லாரி ஓட்டுகிறார். ஊர் பேரைச் சொன்னாலே தொழில் தெரிந்துவிடும். ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரி வரை போகிற 44-ஆம் நம்பர் நெடுஞ்சாலை நாமக்கல் வழியாகத்தான் போகிறது. மாமா வீட்டிலிருந்து ரோட்டுக்கு வந்து வடக்கே திரும்பி, திரும்பாமல் போய்க்கொண்டே இருந்தால் காஷ்மீர். சில வருஷம் முந்தி ஒரு ஜனவரியில், குளிர்பதனக் கிடங்கில் ஆப்பிள் ஏற்றிக்கொண்டு இறங்கும்போது காஸிகுண்டில் நிறுத்திவிட்டார்கள். பனி, மண்சரிவு, ரோடு மூடல். அப்போது அங்கே சில்லை கலான். டிசம்பர் 21-லிருந்து நாற்பது நாள் கடுங்குளிருக்கு காஷ்மீரிகள் வைத்திருக்கும் பெயர். நமக்குக் கத்திரி வெயில் மாதிரி அவர்களுக்குக் கத்திரிக் குளிர்.

பொங்கலுக்கு வந்திருந்தபோது கேட்டேன்.

"ஏனுங் மாமா, எத்தன நாள் நின்னீங்க?"

"ஆறு நாளு அம்முணி. வண்டிக்குள்ளயேதான். கண்ணாடில உள்பக்கம் ஐஸ் கட்டுது பாத்துக்க."

"சாப்பாடு?"

"ஸ்டவ் இருக்குதல்ல. அரிசி இருந்துச்சு, பருப்பு இருந்துச்சு. அந்தூருக்காரரு ஒருத்தரு காஞ்ச கத்திரிக்கா குடுத்தாரு. நம்ம வத்தலாட்டவே இருந்துச்சு. கொழம்பு வெச்சுட்டோம்."

காஷ்மீரில் கத்திரிக்காய், சுரைக்காய், தக்காளி எல்லாவற்றையும் கோடையில் காய வைத்துக் கோத்து வைத்துவிடுகிறார்கள். ரோடு மூடினால் காய்கறி வராது என்பது தலைமுறை தலைமுறையாகத் தெரியும். நாம் சுண்டைக்காயும் கொத்தவரையும் காய வைப்பது ருசிக்கு, அவர்களுக்கு அது ரேஷன்.

மாமா சொன்னதில் இரண்டு விஷயம் மனசில் நின்றது. ஒன்று, ராத்திரி எவ்வளவு குளிரினாலும் கண்ணாடியை ஒரு விரல் அளவு திறந்து வைத்துத்தான் தூங்குவார்களாம். ஸ்டவ்வை அணைத்துவிட்டு. "பக்கத்து வண்டிக்காரரு ஒரு சர்தாரு, கெழவரு, அவரு தட்டித் தட்டிச் சொல்லுவாரு" என்றார். அந்தச் சர்தார் சொன்னது எவ்வளவு பெரிய விஷயம் என்பது 2022 ஜனவரியில் புரிந்தது. பாகிஸ்தானில் முர்ரி என்ற மலை ஊருக்குப் பனி பார்க்கக் கார்களில் போனவர்கள் ரோட்டில் சிக்கி, 20 பேருக்கு மேல் காருக்குள்ளேயே இறந்துபோனார்கள். குளிர் ஒரு பக்கம். ஹீட்டருக்காக என்ஜினை ஓடவிட்டு, புகைக்குழாயைப் பனி அடைத்து, கார்பன் மோனாக்சைடு உள்ளே வந்தது இன்னொரு பக்கம். அதற்கு வாசனை கிடையாது. தூங்கினவர் எழுந்திருக்க மாட்டார்.

இன்னொன்று, ரோடு திறந்த பிறகு நடந்தது. "தொறந்தா ஒடனே உட்ருவாங்கன்னு நெனச்சியா? மொதல்ல மிலிட்டரி வண்டி. அப்பறம் காரு, வேனு. அப்பறம் காஸ் வண்டி, மருந்து வண்டி. கடசியிலதான் நாம. அதும் ஒரு நாளைக்கு மேல போறது, ஒரு நாளைக்குக் கீழ வர்றது." அங்கேயும் பட்டியல்! ஆப்பிளுக்கு வாய் இல்லை, டிரைவருக்கு ஓட்டு அந்த ஊரில் இல்லை. ஆனால் காஸ் வண்டியும் மருந்து வண்டியும் முன்னால் போவதை மாமா தப்பு சொல்லவில்லை. "அது செரிதான, ஆஸ்பத்திரில ஆளு கெடப்பான்" என்றார். லோடில் எவ்வளவு அழுகியது, வாடகையில் எவ்வளவு பிடித்தார்கள் என்று அத்தை கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லாமல் கை கழுவ எழுந்துவிட்டார்.

இப்போது அந்த வழியில் நிறைய மாறியிருக்கிறது. 2021-ல் பனிஹால் - காஸிகுண்ட் சுரங்கம் எட்டரை கிலோமீட்டருக்குத் திறந்தாகிவிட்டது. 2025 ஜூனில் காட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு ரயில் விட்டார்கள், அதே செப்டம்பரில் பட்காமிலிருந்து டெல்லிக்கு ஆப்பிள் ஏற்றின பார்சல் ரயிலும் கிளம்பியது. மாமா மாதிரி ஆட்களுக்கு அது நல்ல சேதியா கெட்ட சேதியா என்பது அடுத்த பொங்கலுக்குத் தெரியும்.

இனி நம் ஊர்.

நமக்குப் பனிக்குப் பதில் ஐப்பசி, கார்த்திகை மழை. ஒரு மணி நேரம் பிடித்து அடித்தால் போதும், லங்கா கார்னர், கிக்கானி பள்ளிப் பாலம், அவினாசி ரோடு மேம்பாலத்தின் கீழ்ப்பகுதி என்று எங்கே தண்ணீர் நிற்கும் என்று சின்னக் குழந்தை கூடச் சொல்லும். 2024 அக்டோபரில் சிவானந்தா காலனி ரயில் பாலத்தின் அடியில் பயணிகளோடு ஒரு பஸ்ஸே மாட்டிக்கொண்டது. எதுவும் ஆச்சரியம் இல்லை. ரயில் மேலே போக வேண்டும் என்று ரோட்டைத் தோண்டிக் கீழே இறக்கினால், சுற்றி உள்ள தண்ணீருக்கு அதுதான் குட்டை. மோட்டார் வைத்து இறைத்தால்தான் போகும். இந்தியாவுக்கே பம்பு செய்து கொடுக்கிற ஊரில், பாலத்தடித் தண்ணீரை இறைக்க மோட்டார் வருமா என்று பார்த்துக்கொண்டு நிற்பது... சரி விடுங்கள், அப்பா படித்தால் வருத்தப்படுவார்.

முன்னோர்கள் இதற்குச் செய்து வைத்த ஏற்பாடு ஜப்பான் குழாய்க்கு ஒன்றும் குறைந்தது இல்லை. வெள்ளியங்கிரி மலையில் இறங்குகிற நொய்யலில் சித்திரைச்சாவடி, குறிச்சி என்று வரிசையாக அணைக்கட்டு. ஒவ்வொன்றிலிருந்தும் ராஜவாய்க்கால். கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, முத்தண்ணன் குளம், உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர் என்று குளங்கள். ஒரு குளம் நிறைந்தால் மிச்சம் அடுத்த குளத்துக்கு. வெள்ளம் வருகிற அன்றைக்கு அது ஊரைக் காப்பாற்றும், வெயில் நாளில் கிணற்றைக் காப்பாற்றும். இதிலும் ஒரு வரிசை இருந்தது, மேட்டுக்குளம் முதலில், பள்ளத்துக்குளம் அப்புறம். அதில் பாதி வாய்க்கால் இன்று சாக்கடை. அம்மன்குளம் என்று பெயர் இருக்கிறது, குளம் இருந்த இடத்தில் வீடுகள் இருக்கின்றன. மிச்சக் குளங்களுக்குக் கரையில் நடைபாதையும் விளக்கும் போட்டிருக்கிறார்கள், சாயங்காலம் நடக்க நன்றாகத்தான் இருக்கிறது. குளத்துக்கு அழகு கரையில், உயிர் வாய்க்காலில். வாய்க்காலோரம் செல்ஃபி எடுக்க யாரும் போவதில்லை.

சங்கனூர் பள்ளம் எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி. வெளியூர்க்காரர்களுக்கு: எங்கள் பக்கம் பள்ளம் என்றால் குழி இல்லை, ஓடை. ஊரின் வடமேற்கு மழையெல்லாம் சேர்ந்து அதில் வந்து சிங்காநல்லூர் குளத்துக்குப் போகும். வெயில் காலத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டுவோம். அதன் கரையில்தான் அப்பா பட்டறையில் பிசிறு தட்டுகிற அக்கா இருக்கிறார். மழை ராத்திரிகளில் அந்த அக்கா தூங்குவதில்லை. ரேஷன் கார்டு, ஆதார், இரண்டு பிள்ளைகளின் மார்க் ஷீட் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மேல் விட்டத்தில் கட்டி வைத்திருக்கிறார். ஐப்பசி பிறந்தால் டப்பா மேலே ஏறும், தை பிறந்தால் இறங்கும். நீங்கள் குல்லாவை வெளியே எடுக்கிற மாதிரி. கரையில் இருந்த நிறையப் பேரைக் கீரணத்தம், மலுமிச்சம்பட்டி அடுக்குமாடிகளுக்கு மாற்றினார்கள். "அங்க போனா வெள்ளம் வராதுதான். பட்டறைக்கு வர ரெண்டு பஸ்ஸு. காலைல எட்டு மணிக்கு எப்டிடா வர்றது" என்று கேட்பார். நான் அவருக்கு "டா" தான் :-)

2019 டிசம்பர் 2-ஆம் தேதி விடிகாலையை மேட்டுப்பாளையத்துக்காரர்கள் மறக்க மாட்டார்கள். நடூரில் ஆதிதிராவிடர் காலனிக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுக்காரர் கட்டியிருந்த சுமார் 20 அடி உயரக் கருங்கல் மதில், ராத்திரி பூராவும் பெய்த மழையில் ஊறி, கீழே இருந்த வீடுகள் மேல் சாய்ந்தது. தூக்கத்திலேயே 17 பேர். அந்த மதில் ஆபத்தானது என்று முன்பே சொல்லியிருந்தோம் என்று அங்கே இருந்தவர்கள் சொன்னார்கள். அதை வானிலைச் செய்தியாக மழைக்கு 17 பேர் பலி என்று எழுதியதைப் படித்தபோது எனக்கு எரிச்சலாக வந்தது. மழை அங்கே எல்லார் வீட்டு மேலும்தானே பெய்தது?

டொராண்டோவில் பனி விழுந்தால் முதலில் விரைவுச்சாலை, அடுத்து பஸ் ஓடுகிற பெரிய சாலை, கடைசியில் குடியிருப்புத் தெரு என்று வெளிப்படையாகப் போட்டுவிடுகிறார்கள். சரியோ தப்போ, எழுதி வைத்திருப்பதால்தான் சண்டை போட முடிகிறது. கார்ல்ஸ்கூகாவில் திருப்பிப் போட முடிந்ததும் அதனால்தான். எனக்கு நம் ஊருக்கு அப்படி ஒரு தாள் கையில் வேண்டும். புரட்டாசி முடிவதற்குள் எந்த வாய்க்கால் எந்தத் தேதியில் தூர் வாரப்படும், எந்தப் பாலத்தடியில் எத்தனை எச்.பி. மோட்டார் எந்த நாளிலிருந்து நிற்கும், டீசல் யார் பொறுப்பு, எந்த மதிலை யார் போய்த் தட்டிப் பார்த்தார்கள் என்று. பத்து வரி போதும். என்னை எழுதச் சொன்னால், முதல் வரியில் சங்கனூர் பள்ளத்தின் இரண்டு கரையும், நடூர் மாதிரி மதிலுக்குக் கீழே வீடு உள்ள தெருக்களும். அப்புறம் பஸ் போகிற பாலங்கள். அவினாசி ரோட்டுக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, அவர்களுக்கு மேலேயே மேம்பாலம் இருக்கிறது.

அக்காவிடம் இதைச் சொன்னேன். பிசிறு தட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, "எந்தத் தேதின்னு போட்டா நல்லாருக்கும். அன்னைக்கு லீவு போட்டுட்டு நானும் கூட நிப்பேன்" என்றார்.